இடது கையால் கிட்டார்

கடைக்குப் போவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: தந்தியை மீட்டுவது எந்தக் கை, அழுத்துவது எந்தக் கை? எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள். பிடித்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, வெறுங்கையால் கிட்டார் வாசிப்பதுபோல் பாவனை செய்து பாருங்கள். யோசிக்காமலே தாளத்தோடு மேலும் கீழும் போகிற கைதான் மீட்டும் கை.

அது வலது கை என்றால் சாதாரண கிட்டாரே போதும். மார்க் நாஃப்ளரும் கேரி மூரும் இடக்கைக்காரர்கள். வலக்கைக் கிட்டாரிலேயே பெயர் எடுத்தார்கள். இடது கை என்றால், "ரெண்டு கைக்கும் வேலை இருக்கே, ரைட்லயே பழகிக்கோ" என்று சொல்கிற மாஸ்டரிடம் பணிவாக மறுத்துவிடலாம். காலப்பிரமாணம் மீட்டும் கையில் இருக்கிறது. அதைப் பழக்கமில்லாத கையிடம் ஒப்படைப்பது வீண் சிரமம் என்பது என் கட்சி.

அடுத்தது கருவி. இடக்கைக் கிட்டார் கடைகளில் அதிகம் தொங்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். பணமும் பொறுமையும் இருந்தால் அதுவே நல்ல வழி. இல்லையென்றால் வலக்கைக் கிட்டாரில் தந்திகளை வரிசை மாற்றிக் கட்டலாம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து, தடித்த தந்தி மேலே வரும்படி மாற்றிக் கட்டித்தான் வாசித்தார்.

மாற்றப் போகிறீர்கள் என்றால் நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாராகத் தேர்ந்தெடுங்கள். அதன் பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சேடில் என்கிற பட்டை பெரும்பாலும் நேராக இருக்கும். ஸ்டீல் தந்தி அகூஸ்டிக்கில் அது சாய்ந்திருக்கும்; தடித்த தந்திக்குக் கூடுதல் நீளம் வேண்டும் என்பதற்காக வைத்த சாய்வு அது. தந்தியை மட்டும் மாற்றினால் சாய்வு எதிர்ப்பக்கம் போய், மேல் ஃப்ரெட்களில் தடித்த தந்திகளின் சுருதி ஏறிவிடும்.

கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டையும் மாற்றியாக வேண்டும். அதிலுள்ள பள்ளங்கள் ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் அளந்து வெட்டியவை. தடித்த தந்தி குறுகிய பள்ளத்தில் இறங்காமல் மேலேயே நிற்கும். மெல்லிய தந்தி அகலப் பள்ளத்தில் ஆடி, 'ஞொய்' என்று இரையும். கிட்டார் பழுது பார்ப்பவருக்கு இது சின்ன வேலைதான். அவரிடமிருந்து வாங்கும்போதே சோதித்துவிடுங்கள்: 12ஆம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ட்யூனரில் ஒரே இடத்தில் நின்றால் சரி.

தந்தியை மாற்றாமல் கிட்டாரை அப்படியே கவிழ்த்து வாசித்தவர்களும் உண்டு. ஆல்பர்ட் கிங் அப்படித்தான் வாசித்தார். எலிசபெத் காட்டன் கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் பேஸையும் வாசித்து அதை ஒரு பாணியாகவே ஆக்கினார். கேட்டு ரசியுங்கள். கற்றுக்கொள்ள அந்த வழி வேண்டாம். புத்தகமும் மாஸ்டரும் கைகொடுக்க மாட்டார்கள்.

கார்டு படங்களை இடவலமாகத் திருப்பிப் படிக்க வேண்டும். படத்தைப் போனில் எடுத்து, எடிட்டில் 'ஃப்ளிப்' கொடுத்தால் முடிந்தது. டேப் என்கிற ஆறு கோட்டுக் குறியீட்டில் எந்த மாற்றமும் தேவையில்லை. வலக்கை மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியைப் பார்ப்பதுபோலவே இருக்கும். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகை இது.

இனி விரல்கள். அழுத்துவது வலது கை என்பதால் அந்தக் கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். முதல் கார்டு ஈ மைனர் (தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுங்கள்): நடுவிரல் 5ஆம் தந்தியில், மோதிர விரல் 4ஆம் தந்தியில், இரண்டும் 2ஆம் ஃப்ரெட். அதோடு 3ஆம் தந்தியின் 1ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்தால் ஈ மேஜர். மூன்று விரல்களையும் அதே வடிவம் கலையாமல் தரைப்பக்கமாக ஒரு தந்தி நகர்த்தினால் ஏ மைனர். ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஊமையாக நின்றால் விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டிக் கொண்டுபோங்கள், இன்னும் பலமாக அழுத்த வேண்டாம்.