இதய அறுவைக்குப் பின்: வீடு திரும்பியோரின் வலியும் தலைசுற்றலும்

இந்தியாவில் இதய நாள மாற்றுவழி அறுவை முதன்முதலாக 1975-ஆம் ஆண்டு சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடைபெற்றது. அன்று அருஞ்செயலாகக் கருதப்பட்ட அச்சிகிச்சை இன்று ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டத்தக்கதாகியுள்ளது. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய திட்டம், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனையிலிருந்து வெளிவந்த பின்னர் 15 நாள் வரையிலான செலவும் இதில் அடங்கும். ஆயினும், அறுவையின்போது பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு இணைவதற்கு 6 முதல் 8 வாரங்களும், முழு வலுப் பெற ஏறத்தாழ 12 வாரங்களும் தேவை. இவ்விடைக்காலம் குறித்தே நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

எதிர்பாராத வலிகள்

நெஞ்சில் வலி இருக்கும் என்பதை நோயாளி எதிர்பார்க்கிறார். தோளிலும் முதுகிலும் கழுத்திலும் வலி எழும்போது அஞ்சுகிறார். அறுவையின்போது விலா எலும்புகள் பல மணி நேரம் விரித்து வைக்கப்படுவதே இதற்குக் காரணம். காலிலிருந்து நாளம் எடுக்கப்பட்டிருப்பின் அக்காலில் வீக்கமும் மதமதப்பும் தோன்றும். மார்பின் உட்புறத் தமனி பயன்படுத்தப்பட்டிருப்பின் மார்பின் அப்பக்கம் மரத்திருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை வாரங்கள் அல்லது மாதங்களில் தணிவன.

தலைசுற்றலின் காரணங்கள்

பல நாள் படுக்கையில் இருந்த உடல், எழுந்து நிற்கும்போது குருதி அழுத்தத்தை விரைவில் சீர்செய்துகொள்ள இயலாது தடுமாறுகிறது. அறுவையில் ஏற்பட்ட குருதி இழப்பால் சோகையும் சேர்கிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகளும் சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரைகளும் அழுத்தத்தை மேலும் தாழ்த்தக்கூடும். பழைய மாத்திரையையும், வேறு வணிகப் பெயரில் தரப்பட்ட அதே மருந்தையும் சேர்த்து உட்கொள்வதும் உண்டு.

இங்குதான் பெருந்தீங்கு நேர்கிறது. தலைசுற்றலுக்கு அஞ்சிய நோயாளி மருந்துகள் அனைத்தையும் தாமே நிறுத்திவிடுகிறார். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர் குருதி உறைவைத் தடுக்கும் மருந்தை நிறுத்தினால், வால்வு அடைபடவும் பக்கவாதம் நேரவும் கூடும். பெருஞ்செலவில் காப்பாற்றப்பட்ட உயிர், சில ரூபாய் மாத்திரை நின்றமையால் இழக்கப்படலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவரே.

காலந்தாழ்த்தக் கூடாதவை

ஒழுங்கற்ற படபடப்பு, மயங்கி விழுதல், மூச்சுத் திணறல், காய்ச்சல், புண்ணில் சீழ், நெஞ்செலும்பு அசைந்து ஒலித்தல், ஒரு பக்கம் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியன தோன்றின் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவர் தலைசுற்றி விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லையெனினும் பரிசோதனை இன்றியமையாதது.

செய்ய வேண்டுவன

படுக்கையிலிருந்து எழுமுன் சற்று நேரம் அமர்ந்திருத்தல், நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டுதல், முதல் வாரங்களில் சுமை தூக்காதிருத்தல் ஆகியவை எளிய விதிகள். நிறைந்த நீர்க்குடம் பத்துக் கிலோவுக்கும் மேற்பட்டது என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும். தினக்கூலி பெறுவோர் விரைந்து வேலைக்குத் திரும்ப நேர்வது தனிப்பட்ட குறைபாடன்று; வருவாய் இழப்பின் விளைவு.

நிர்வாகத்தின் கடமையும் தெளிவானது. வெளியேற்றக் குறிப்பு நோயாளியின் தாய்மொழியில், எம்மருந்து எதற்கு என்ற விளக்கத்துடன் தரப்பட வேண்டும். அருகிலுள்ள ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திரில் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் குருதி அழுத்தத்தை அளந்தால் தலைசுற்றலின் காரணம் பெரிதும் புலப்படும். இ-சஞ்சீவனி தொலைமருத்துவ வசதியின் மூலம் மருத்துவரின் அறிவுரையையும் அங்கிருந்தே பெறலாம்.

அறுவையை எண்ணிக்கையால் அளப்பது எளிது. நோயாளி மீண்டும் உழைப்புக்குத் திரும்பினாரா என்பதே அச்செலவின் பயனை உணர்த்தும் உண்மையான அளவுகோலாகும்.