முதுகைத் தாங்கும் தசைகள்

சிரஞ்சீவி தம்பிக்கு,

தேகாப்பியாசத்தில் உனக்கு உற்சாகம் பிறந்து, கட்டிலடியில் பாதங்களைச் செருகிக்கொண்டு காலைதோறும் பல தடவை படுத்தெழுவதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால், வயிறு இறுகக் காணோம், இடுப்புத்தான் வலிக்கிறது என்றும் எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் இக்கடிதம். இடுப்புப் பகுதியிலுள்ள முள்ளெலும்புகளின் பக்கங்களில் தொடங்கி, இடுப்புக்குள் இறங்கி, தொடையெலும்பின் உட்புறத்தில் முடியும் பெருந்தசை ஒன்று உண்டு; சோவாஸ் என்பார்கள். தொடையை உயர்த்துவது அதன் தொழில். பாதம் கட்டுண்டு தொடை அசையாதபோதோ, அது தன் மறுமுனையாகிய முதுகெலும்பையே பற்றி இழுக்கிறது. வயிற்றுக்கென்று நீ செய்யும் பிரயாசையில் பெரும்பங்கு இப்படி அதனிடம் போய்ச் சேருகிறது.

ஆகையால், ஒரு தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் நார்கள் எத்திசையில் ஓடுகின்றன என்று முதலில் கேட்டுப் பழகு. அதன் தொழில் தானே விளங்கும். 1543-ல் பேஸல் நகரில் வெசாலியஸ் தமது 28-ஆம் வயதில் வெளியிட்ட சரீர சாஸ்திர கிரந்தத்தில், தசைகளை அடுக்கடுக்காக உரித்துக் காட்டும் சித்திரங்கள் உள்ளன. உன் வயிற்றையும் மனத்தால் அவ்வாறே உரித்துப் பார். நடுவே நேராக இறங்கி, கட்டங்கட்டமாகத் தெரிவது உடலை முன்வளைக்க ஏற்பட்டது; இளைஞர் அதன்மேல் வைக்கும் மோகத்துக்கு அது அவ்வளவு தகுதியுடையதன்று. பக்கங்களில் மேலடுக்கின் நார்கள், சட்டைப்பையில் கை நுழைத்தால் விரல்கள் நோக்கும் திசையில் சாய்கின்றன. அடுத்த அடுக்கின் நார்கள் அதற்கு எதிராகச் சாய்கின்றன. இவ்விரண்டும் உடலைத் திருப்பவும் வல்லன, திரும்பாமல் நிறுத்தவும் வல்லன.

எல்லாவற்றுக்கும் அடியில், குறுக்காக ஓடும் நார்களோடு, பின்னே முதுகெலும்பைப் பற்றிய உறுதியான சவ்வில் போய்ச் சேர்ந்து, அரைக்கச்சை போல் உடலைச் சூழ்ந்திருப்பதே குறுக்கு வயிற்றுத்தசை. அது எதையும் வளைப்பதில்லை, இறுக்குகிறது, அவ்வளவே. மேலே உதரவிதானமும், கீழே இடுப்புத் தளத்தின் தசைகளும், பின்னே முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகளும் அதற்குத் துணை. ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்ஸன் என்ற இருவர் 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆரோக்கியமுள்ளவர் கையைச் சட்டென உயர்த்துகையில், தோள்தசைக்கு முன்பே இத்தசை விழித்துக்கொள்வதையும், நெடுநாள் இடுப்புவலிக்காரரிடம் அது தாமதிப்பதையும் கண்டார்கள். இதைக் கேட்டு அந்த ஒன்றையே சிலர் பூஜிக்கத் தொடங்கினார்கள். அது தவறு, ஏனெனில் முதுகைத் தாங்குவது எல்லாத் தசைகளின் கூட்டு முயற்சியே.

அந்தக் குறுக்குத்தசையை நீயே உணர, மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்று உட்புறத்தில் விரல்களை வைத்து மெல்ல இருமு; அடியில் ஏதோ இறுகுவதை உணர்வாய். பின்பு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, ஒரு கையை முன்னும் எதிர்ப்புறக் காலைப் பின்னும் நீட்டி, இடுப்பு சாயாமல் பத்து எண்ணும்வரை நிறுத்து. சுவாசத்தை மட்டும் அடக்காதே. கட்டிலடிப் பயிற்சியை இன்றோடு விட்டுவிடு. அப்புறமும் வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுது.

அன்புள்ள,
அண்ணன்