தரவுப் பதிகருவியை மோட்பஸ் நெறிமுறைக்கு ஒழுங்கமைத்தல்

அலகு: கைத்தொழில் தன்னியக்கமும் தரவுத் தொடர்பாடலும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,
• மோட்பஸ் வலையமைப்பு ஒன்றில் வினவும் கருவியையும் விடையளிக்கும் கருவியையும் வேறுபடுத்தவும்
• பதிகருவியில் இடவேண்டிய அமைப்புகளைக் கூறவும்
• வினாச் செய்தியொன்றைப் பைற்று பைற்றாக விளக்கவும்
• பெற்ற அளவீடு சரியானதா எனச் சோதிக்கவும்
முடிதல் வேண்டும்.

1. அறிமுகம்

வெப்பநிலை, அமுக்கம், நீர்மட்டம், மின்சக்தி போன்ற கணியங்களைக் குறித்த கால இடைவெளிகளில் பெற்று, நேரத்துடன் சேர்த்துத் தன் நினைவகத்தில் சேமிக்கும் கருவி தரவுப் பதிகருவி எனப்படும். உணரியை அதனுடன் நேரடியாகவும் இணைக்கலாம். ஆனால் தொழிற்சாலைகளில் தேவையான அளவீடு பெரும்பாலும் வேறொரு கருவியிடம் ஏற்கெனவே இருக்கும். அதனைக் கேட்டுப் பெறுவதற்கு இரு கருவிகளுக்கும் பொதுவான நெறிமுறை ஒன்று வேண்டும்.

மோட்பஸ் அத்தகைய ஒரு நெறிமுறையாகும். மொடிக்கன் நிறுவனம் 1979 ஆம் ஆண்டில் தனது நிரற்படுத்தக்கூடிய தர்க்கக் கட்டுப்படுத்திகளுக்காக இதனை வெளியிட்டது. எளிமையானதும் எவரும் பயன்படுத்தக்கூடியதுமாக இருப்பதனால் இன்றும் பரவலாக வழக்கிலுள்ளது.

மோட்பஸ்ஸில் ஒரு கருவி வினவும். மற்றையவை விடை மட்டுமே அளிக்கும். கேட்காமல் எந்தக் கருவியும் பேசாது. பழைய நூல்களில் இவை மாஸ்டர், ஸ்லேவ் எனக் குறிக்கப்படும். மோட்பஸ் அமைப்பு 2020 ஆம் ஆண்டில் இவற்றைக் கிளையன்ற், சேவர் என மாற்றியது. வினாத்தாளில் எந்தப் பெயர் வந்தாலும் பொருள் ஒன்றே.

2. எடுத்துக்காட்டு

மீன் களஞ்சியம் ஒன்றின் உறைகுளிர் அறை −18 பாகை செல்சியசில் வைக்கப்படுகின்றது. அறையின் கட்டுப்படுத்தி விடையளிக்கும் கருவி. பதிகருவி வினவும் கருவி. கட்டுப்படுத்தியின் கைந்நூலில் பின்வருமாறு தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம்.

பதிவகம் 40001: அறையின் வெப்பநிலை, குறியுள்ள 16 பிற்று, அலகு 0.1 பாகை
பதிவகம் 40002: நிர்ணயித்த வெப்பநிலை, குறியுள்ள 16 பிற்று, அலகு 0.1 பாகை
பதிவகங்கள் 40003, 40004: மொத்த மின்சக்தி, குறியற்ற 32 பிற்று, உயர்பகுதி முதலில், அலகு 1 கிலோவாற்று மணி

பதிவகம் என்பது 16 பிற்று எண்ணொன்றைக் கொண்ட நினைவக இடமாகும்.

3. இணைப்பும் தொடர் அமைப்புகளும்

ஆர்.எஸ்-485 முறையில் முறுக்கிய இரு கம்பிகள் ஏ, பி எனப் பெயரிடப்படும். குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1200 மீற்றர் வரை செல்லலாம். வடத்தின் இரு முனைகளிலும் மட்டும் 120 ஓம் முடிவுத் தடை இடப்படும். சில உற்பத்தியாளர்கள் ஏ, பி என்பவற்றை மாற்றிக் குறிப்பதுண்டு. விடையே வராதபோது இரு கம்பிகளையும் இடம்மாற்றிப் பார்ப்பது வழக்கம்.

பதிகருவியில் இடவேண்டியவை:

(அ) போட் வீதம்: எ-டு 9600
(ஆ) தரவுப் பிற்று 8, பரிற்றிப் பிற்று, நிறுத்தப் பிற்று
(இ) விடையளிக்கும் கருவியின் முகவரி: 1 முதல் 247 வரை
(ஈ) தொழிற்பாட்டுக் குறியீடு
(உ) தொடக்கப் பதிவகமும் பதிவகங்களின் எண்ணிக்கையும்
(ஊ) தரவு வகையும் பெருக்கற் காரணியும்
(எ) காத்திருக்கும் நேரமும் வினவும் இடைவெளியும்

(அ), (ஆ) ஆகியன வலையமைப்பிலுள்ள எல்லாக் கருவிகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். முகவரி மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருத்தல் வேண்டும். ஒரே முகவரியில் இரு கருவிகள் இருப்பின் இரண்டும் ஒருங்கே விடையளிக்க முயன்று செய்தி குழம்பும்.

4. வினாவும் விடையும்

முக்கியமான தொழிற்பாட்டுக் குறியீடுகள்: 03 இருப்புப் பதிவகங்களை வாசித்தல், 04 உள்ளீட்டுப் பதிவகங்களை வாசித்தல், 06 ஒரு பதிவகத்தில் எழுதுதல், 16 பல பதிவகங்களில் எழுதுதல். பதிகருவிக்கு வாசித்தலே வேலை. 06, 16 ஆகியவற்றைத் தவறுதலாகத் தெரிவுசெய்தால் கட்டுப்படுத்தியின் நிர்ணயத்தையே மாற்றிவிட நேரும்.

முகவரி 1 உடைய கட்டுப்படுத்தியிடம் முதலிரு பதிவகங்களையும் கேட்கும் ஆர்.ரி.யூ வடிவச் செய்தி தசம எண்களில் பின்வருமாறு அமையும்.

1 | 3 | 0, 0 | 0, 2 | 196, 11

இங்கு 1 முகவரி, 3 தொழிற்பாடு, 0, 0 தொடக்கப் பதிவகம், 0, 2 எண்ணிக்கை, 196, 11 பிழைச்சோதனைப் பைற்றுகள்.

விடையின் முற்பகுதி:

1 | 3 | 4 | 255, 80 | 255, 76

4 என்பது பின்வரும் தரவுப் பைற்றுகளின் எண்ணிக்கை. இவற்றின் பின்னர் இரு பிழைச்சோதனைப் பைற்றுகள் வரும்.

முதற் பதிவகம்: 255 × 256 + 80 = 65360. இது 32767 இலும் பெரிது. எனவே இரண்டின் நிரப்பி முறையில் மறைப் பெறுமானமாகும். 65360 − 65536 = −176. பெருக்கற் காரணி 0.1 ஆதலால் அறையின் வெப்பநிலை −17.6 பாகை. இவ்வாறே இரண்டாவது பதிவகம் 65356 ஆகும். நிர்ணயித்த வெப்பநிலை −18.0 பாகை.

5. பிழைச்சோதனை எதனைக் காட்டாது?

மாணவர்கள் பெரிதும் தவறவிடும் பகுதி இதுவாகும். பிழைச்சோதனை சரியெனின் செய்தி வழியிற் சிதையாமல் வந்தது என்பதே பொருள். நாம் கேட்க எண்ணியதைத்தான் கேட்டோமா என்பதை அது காட்டாது.

(i) ஒன்று தள்ளிய பதிவகம்: கைந்நூலில் 40001 எனப்படுவது செய்தியில் 0 ஆகச் செல்கின்றது. 40002 என்பது 1 ஆகும். சில பதிகருவிகள் நீங்கள் இடும் எண்ணில் ஒன்றைத் தாமே கழித்து அனுப்பும். சில அப்படியே அனுப்பும். அப்படியே அனுப்பும் கருவியில் 1 என இட்டால் அறையின் வெப்பநிலைக்குப் பதிலாக நிர்ணயித்த வெப்பநிலை பதிவாகும். எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது. வரைபு −18.0 இல் நேர்கோடாக ஓடும். நள்ளிரவில் அமுக்கி நின்று மீன் பழுதடையும்போதும் பதிவு −18.0 என்றே சொல்லும். மறுநாள் அப்பதிவை நம்பி அந்த மீனைச் சந்தைக்கு அனுப்பக்கூடும்.

(ii) குறி: தரவு வகையைக் குறியற்றது எனத் தெரிவுசெய்தால் −17.6 என்பது 6536.0 எனப் பதிவாகும். இப்பிழை உடனே கண்ணிற் படும்.

(iii) பகுதிகளின் ஒழுங்கு: 100000 கிலோவாற்று மணி இரு பதிவகங்களில் 1, 34464 என அமையும் (1 × 65536 + 34464). பகுதிகளை மாற்றி வாசித்தால் 2258632705 எனப் பெறப்படும். ஒரு பதிவகத்தினுள் உயர் பைற்று முதலில் வரும் என்பது மோட்பஸ் விதி. ஆனால் இரு பதிவகங்களில் எது முதலில் என்பதை உற்பத்தியாளரே தீர்மானிக்கின்றார். கைந்நூலைப் பார்த்தே இடவேண்டும்.

நினைவிற் கொள்க: விடை வந்ததுடன் வேலை முடிவதில்லை. பதிவான எண்ணைக் கருவியின் திரையிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுக. பின்னர் அளவீட்டை மாறச் செய்து பதிவும் மாறுகின்றதா எனப் பார்க்க. உதாரணத்தில், அறைக்கதவைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் பதிவு ஏறுதல் வேண்டும். அசையாது நின்றால் வேறு பதிவகத்தை வாசிக்கின்றீர்கள்.

6. பழுதறிதல்

விடை இல்லை: கம்பி, போட் வீதம், பரிற்றி, முகவரி ஆகியவற்றைப் பார்க்க.
தொழிற்பாடு 3 இற்குப் பதிலாக 131 வருகின்றது: கருவி கேட்டது, ஆனால் மறுக்கின்றது (3 + 128). அடுத்துவரும் பைற்று 1 எனின் தொழிற்பாடு ஏற்கப்படவில்லை; 2 எனின் அந்தப் பதிவக முகவரி இல்லை; 3 எனின் கேட்ட பெறுமானம் தவறு. இங்கு கம்பியில் குறை தேடுவது வீண்.
விடை வருகின்றது, எண் பொருந்தவில்லை: பதிவக எண், தரவு வகை, பகுதி ஒழுங்கு, பெருக்கற் காரணி ஆகியவற்றைப் பார்க்க.

7. பயிற்சி வினாக்கள்

(1) 9600 போட் வீதத்தில் ஓர் எழுத்துக்கு 11 பிற்று எனின், 8 பைற்று வினாவை அனுப்ப எடுக்கும் நேரம் யாது?
(2) செய்திகளுக்கிடையே குறைந்தது 3.5 எழுத்து நேர அமைதி வேண்டும். அது எவ்வளவு?
(3) பதிவகத்தில் 65336 உள்ளது. குறியுள்ள 16 பிற்று, காரணி 0.1 எனின் வெப்பநிலை யாது?
(4) ஒரு வாரமாக −18.0 எனச் சற்றும் மாறாத பதிவைக் கண்ட பொறுப்பாளர், “அறை மிக நன்றாக இயங்குகின்றது” என்கிறார். இம்முடிவு ஏற்கத்தக்கதா? விளக்குக.

விடைகள்

(1) 88 ÷ 9600 = 9.17 மில்லிசெக்கன்.
(2) 38.5 ÷ 9600 = 4.01 மில்லிசெக்கன்.
(3) 65336 − 65536 = −200; எனவே −20.0 பாகை.
(4) ஏற்கத்தக்கதன்று. அமுக்கி இயங்கி நிற்கும்போதும் கதவு திறக்கப்படும்போதும் உண்மையான அறையின் வெப்பநிலை சிறிதளவேனும் ஏறியிறங்கும். மாறாத பதிவு நிர்ணயித்த வெப்பநிலையை வாசிப்பதன் அறிகுறியாகலாம். தொடக்கப் பதிவக எண்ணைச் சரிபார்த்து, திரையுடன் ஒப்பிட்டு, கதவைத் திறந்து சோதித்தல் வேண்டும். (மாறாத தன்மையைச் சுட்டுதல், காரணம், சோதனை ஆகிய மூன்றையும் விடையில் எழுதுக.)