வளரும் பாரதமும் நமது விசுவாசமும்

கொட்டகலையை அடுத்த தோட்டமொன்றின் சிற்றாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நான் திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மலையில் கவ்வாத்து வெட்டியவர். கோயில் கமிட்டியிலும் இருப்பவர்.

"சாமி, இந்தியா பெரிய வல்லரசா ஆகிட்டு வருதுன்னு டீவியில சொல்றாங்க. கேக்க சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா கூடலூர்ல இருக்கிற எங்க அக்கா போன்ல அழுவுது. பேரனுக்கு எஸ்.சி. சர்டிபிகட் இல்லைன்னுட்டாங்களாம். ஞானஸ்நானம் வாங்குனவனாம். அந்த நாடு வளர்றது நமக்கு நல்லதா, கெட்டதா? நீங்க சொல்லுங்க சாமி."

அன்று அடுத்த தோட்டத்திலும் பூசை இருந்ததால் நின்று பேச நேரமில்லை. "எழுதுறேன் ஐயா, நம்ம பத்திரிகையில வாசிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இவ்வார மறைக்கல்விப் பக்கம்.

இந்தியா எமக்கு வெறும் அயல்நாடு அன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்து அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர்களானார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று கொழுந்து பறிப்பவர்கள் எம் இரத்தம். இங்கே எஞ்சியவர்களுக்கு இந்திய உதவியில் வீடுகள் எழுந்தன. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் நின்று மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். 2022இல் நாடு பட்டினியின் விளிம்பில் நின்றபோது டில்லி ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவி அளித்தது. தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் அனுப்பியது. நன்றி மறப்பது நமக்கு அழகல்ல.

ஆயினும் பெரியவரின் கேள்வி பணத்தையோ படைபலத்தையோ பற்றியதன்று. மக்கட்தொகையில் 2023இல் சீனாவையும் முந்திவிட்ட அந்தப் பெருநாடு, தன்னிடமுள்ள சிறியவர்களை எப்படி நடத்தப்போகிறது என்பதே அவர் கேட்டது.

முதலில் ஒரு சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்வோம். மதச்சார்பின்மை என்றதும் நம்மவரிற் பலர் கடவுள் மறுப்பு என்று எண்ணி முகம் சுளிக்கின்றனர். இந்திய யாப்பை வரைந்தவர்களின் கருத்து அதுவல்ல. அரசுக்கென்று ஒரு மதம் இல்லை. ஆகவே எந்த மதத்தவனும் அரசுக்கு அந்நியன் இல்லை என்பதே அவர்கள் கருதியது. (அச்சொல் யாப்பின் முகவுரையில் 1976இல்தான் சேர்க்கப்பட்டது. கருத்து ஆதியிலேயே இருந்தது.)

1948 டிசம்பர் 6ஆம் திகதி அரசியல் நிர்ணய சபையில் மதச் சுதந்திரம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. மதத்தைப் பின்பற்றும் உரிமை இருக்கட்டும், பரப்பும் உரிமை எதற்கு என்று சிலர் எதிர்த்தனர். அப்போது சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களிற் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை எனவும் சாட்சி சொன்னார். ஓர் இந்து கிறிஸ்தவனுக்காகப் பேசினார். பரப்பும் உரிமை யாப்பில் நிலைத்தது. அதே சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் அமர்ந்திருந்த இயேசு சபைக் குரு அருட்திரு ஜெரோம் டிசூசாவும், கிறிஸ்தவரான துணைத் தலைவர் ஹரேந்திர கூமர் முகர்ஜியும் மற்றொரு காரியத்தில் துணைநின்றனர். மதச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்படவிருந்த பாராளுமன்ற ஆசனங்கள் 1949 மே மாதத்தில் கைவிடப்பட்டன. பெரும்பான்மையை நம்புகிறோம், எமக்கு வேலி வேண்டாம் என்ற மனப்பான்மை அது. அந்த நம்பிக்கைக்கு ஈடான நம்பிக்கை பின்னர் கிடைத்ததா?

கிடைத்தது என்றும் கிடைக்கவில்லை என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. பெரியவருடைய அக்காவின் பேரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் பிறப்பிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணையின்படி, தாழ்த்தப்பட்ட சாதியினருக்குரிய சலுகை இந்துக்களுக்கே உரியது என்றாயிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அப்பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் பெறலாம். தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் பெற முடியாது. ஞானஸ்நானத்தோடு சாதி போய்விட்டது என்று சட்டம் சொல்கிறது. சேரியில் அது போகவில்லை. நம் ஆலயங்களிலேயே முற்றாகப் போயிற்றா என்பதை வாசகர்கள் தத்தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும். தமிழ்நாட்டின் சில பங்குகளில் கல்லறையிற்கூடச் சுவர் இருந்தது.

இனி நம் வீட்டு வாசலுக்கே வந்துசேர்ந்த ஒரு செய்தியைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். ஒரிசாவும் மத்தியப் பிரதேசமும் 1967, 1968ஆம் ஆண்டுகளில் மதமாற்றத் தடைச் சட்டங்களை இயற்றின. மத்தியப் பிரதேசச் சட்டத்தை எதிர்த்து அருட்திரு ஸ்டனிஸ்லாஸ் வழக்காடினார். 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை வேறு, ஒருவரை மதம் மாற்றும் உரிமை வேறு. முன்னையதில் பின்னையது அடங்காது என்று தீர்த்தது. அது நடந்தது கடலுக்கு அப்பால், நமக்கென்ன என்று இருந்தோம். இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 2003இல் இலங்கையிற் பள்ளிகளிலும் பிற தர்ம காரியங்களிலும் உழைத்துவந்த மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர், தம் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதாவைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது, எமது உயர் நீதிமன்றம் அது யாப்புக்கு முரணானது என்றது. மதம் பரப்புவதும் ஏழைகளுக்கு உதவுவதும் ஒரே சபையின் நோக்கமாக இருந்தால் உதவியே தூண்டிலாகிவிடும் என்பது அதன் கருத்து. அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்ட முன்மாதிரிகளுள் ஸ்டனிஸ்லாஸ் வழக்கும் ஒன்று. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2005இல் இலங்கை அக்கன்னியரின் மதச் சுதந்திரத்தை மீறியது என்று கண்டது.

மத்தியப் பிரதேசத்து ஒரு குருவுக்கு டில்லியிற் சொல்லப்பட்ட தீர்ப்பு, கொழும்பில் நம் கன்னியரின் மீது வந்து விழுந்தது. பெரிய நாடு போடும் பாதையிற்றான் அயலிலுள்ள சிறிய நாடுகளின் சட்டமும் பேச்சும் நடக்கின்றன. ஆகவே அங்கே மதச்சார்பின்மை வாழ்கிறதா தளர்கிறதா என்பது கூடலூர்க்காரருக்கு மட்டும் உரிய கவலை அன்று. (அதே 2003இல்தான் எம்மில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பாராளுமன்றம் பிரஜாவுரிமை அளித்தது. ஒரு கை கொடுத்த வருடத்தில் மறு கை எடுத்தது.)

அங்கு நடந்த கொடுமைகளை வாசகர்கள் அறிவர். 1992இல், மதச் சுதந்திர விவாதம் நடந்த அதே டிசம்பர் 6ஆம் நாளில், அயோத்தியின் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. 1999 ஜனவரியில் தொழுநோயாளருக்குப் பணிசெய்த கிரகாம் ஸ்டெய்ன்ஸும் இரு பாலகரும் ஒரிசாவில் வண்டியோடு எரிக்கப்பட்டனர். அவர் மனைவி கொலைகாரரை மன்னித்தார். 2008இல் கந்தமாலில் 50,000 பேருக்கு மேல் வீடிழந்து காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினர். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி 2020 ஒக்டோபரில் கைதாகி, நடுங்கும் கைகளோடு தண்ணீர் உறிஞ்ச ஒரு குழல் கேட்டு வாரக்கணக்கிற் காத்திருந்து, 2021 ஜூலை 5ஆம் திகதி 84 வயதில் விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

ஆனால் இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பொய்ச்சாட்சி சொன்னவனாவேன். அயோத்தியில் 2024 ஜனவரி 22இல் இராமர் கோயில் பிரதிஷ்டை பிரதமரின் முன்னிலையில் நடந்தது. சில மாதங்களில் வந்த தேர்தலில், அந்த அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியிலேயே ஆளுங்கட்சி தோற்றது. பொதுத்தொகுதியான அதில் வென்றவர் தலித் ஒருவர். நாடு முழுவதிலும் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தது 240 ஆசனங்கள். பெரும்பான்மைக்கு 272 வேண்டும். வாக்களித்தவர்களிற் பெரும்பாலோர் இந்துக்களே. இந்து சகோதரர் அனைவரும் நமக்கு எதிரி என்று கைப்பேசியிற் செய்தி அனுப்புவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். கிருஷ்ணமாச்சாரியின் பரம்பரை அற்றுப்போகவில்லை.

மற்றொரு சோதனையும் உண்டு. 2019 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து ஓடிவந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. கிறிஸ்தவரைச் சேர்த்தார்களே என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். முஸ்லிமைச் சேர்க்கவில்லை. இலங்கையையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டு முகாம்களிற் பல்லாண்டுகளாக இருக்கும் நம்மவர், அவர்களிற் பலர் மலையகத்தில் வேர்கொண்டவர்கள், இந்துவாக இருந்தும் அக்கதவுக்கு வெளியேதான் நின்றனர். பிரஜையை வம்சம் பார்த்து அளந்த 1948ஐ அனுபவித்த நாம், மதம் பார்த்து அளப்பதைக் கண்டு நம் பங்கு கிடைத்ததா என்று மட்டும் கேட்கலாமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7இல் வெளியிட்ட மதச் சுதந்திர ஏடு இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. சுதந்திரம் கத்தோலிக்கனின் சலுகையன்று. மனிதனின் மாண்பில் வேர்கொண்டது, ஆகவே எல்லாருக்கும் உரியது என்கிறது. ஒரு நாடு தன் சரித்திரம் காரணமாக ஒரு மதத்துக்குச் சிறப்பிடம் கொடுத்தாலும், மற்றவர்களின் உரிமையைக் காத்தேயாக வேண்டும் என்கிறது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் எமது யாப்பின் 9ஆம் உறுப்புரையை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். இன்னொன்றையும் அந்த ஏடு சொல்கிறது. அதை நாம் அவ்வளவாக வாசிப்பதில்லை. விசுவாசத்தைப் பரப்புகையில், சிறப்பாக ஏழைகளிடமும் கல்லாதவரிடமும், வற்புறுத்தலின் சாயல்கூட இருக்கலாகாது. பால்மா டின்னோடு வேதம் சொல்லும் சில கூட்டத்தாரைக் கண்டு நம் இந்து அயலவர் கோபிக்கும்போது, அவர்கள் கோபம் முழுவதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

கண்டி மறைமாவட்டத்தவர்களான நமக்குப் புனித யோசேப் வாஸ் நினைவுக்கு வரவேண்டும். இந்தியாவின் கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்கார வேடத்தில் வந்தவர் அவர். அவரை வேட்டையாடியவர்கள் கிறிஸ்தவரான ஒல்லாந்தர். முதலிற் சிறைவைத்துப் பின் பாதுகாத்து நடமாட விட்டவனோ, கண்டியின் பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். அம்மன்னன் ஞானஸ்நானம் பெறவுமில்லை, யோசேப் வாஸ் அதை வற்புறுத்தவுமில்லை.

இவற்றையெல்லாம் எழுதுமுன், அடுத்த ஞாயிறு அப்பெரியவரைக் கூப்பிட்டு வாயாலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அந்தத் தோட்டத்திற் கத்தோலிக்கக் குடும்பங்களைவிட இந்துக் குடும்பங்களே பன்மடங்கு. ஆனால் ஞாயிறு பூசை நேரத்தில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லித் துரைக்குக் கொடுக்க எங்கள் கமிட்டி ஒரு மனு எழுதியிருந்தது. நத்தார் நவநாட்களில் நமது ஒலிபெருக்கி விடிகாலை ஐந்துக்கே பாடுவதைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரியும் இல்லை. "கோயில் தலைவர்கிட்ட நேர்ல போய்ப் பேசினீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அவரு எங்க மச்சான் முறை சாமி. போய்க் கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார்.

மனு இன்னும் துரைக்குப் போகவில்லை. கூடலூர்ப் பையனுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு எழுதிப்போடச் சொல்லியிருக்கிறேன்.