பைபோலார் பெண்களின் நோயா?

மிகை எழுச்சியும் (மேனியா) ஆழ்ந்த மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார், பெண்களுக்கே உரிய நோய் என்று பலர் நம்புகிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள சோட்டானிக்கரை பகவதி கோயிலின் கீழ்க்காவில், இரவுக் குருதி பூஜையின்போது பேய் பிடித்ததாகக் கருதி அழைத்துவரப்பட்டுக் கூந்தல் அவிழ ஆடும் பெண்களையும், அந்தப் பேயைக் கட்ட மரத்தில் நெருக்கமாக அறைந்திருக்கும் ஆணிகளையும் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படும். ஆனால் யாரைக் கோயிலுக்கு அழைத்துவருகிறார்கள் என்பது வேறு, யாருக்கு நோய் வருகிறது என்பது வேறு. பின்னது வீடு வீடாகக் கணக்கெடுத்தால்தான் தெரியும். பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் அப்படி எடுத்த ஆய்வில், பெரியவர்களில் சுமார் 0.5 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் பைபோலார் வந்திருந்தது; பெண்களுக்கே மிகுதி என்று அது காட்டவில்லை. மேனியா தலைதூக்கும் முதல் வகை இருபாலருக்கும் ஏறக்குறைய சமம் என்றே உலக ஆய்வுகளும் சொல்கின்றன. உறங்காமல் திரிந்து, கடன் வாங்கிக் கண்மண் தெரியாமல் செலவழிக்கும் ஆணைக் குடிகாரன், ஊதாரி என்று ஒதுக்கிவிடுகிறோம். பைபோலார் உள்ள ஆண்களிடம் குடிப்பழக்கம் கூடுதலாக இருப்பதால் அடியிலுள்ள நோய் கண்ணில் படுவதேயில்லை.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? உண்டு, நோயின் போக்கில். பெண்களுக்கு மனச்சோர்வுக் கட்டங்கள் அதிகம். அதனால் வெறும் மனச்சோர்வு என்று கருதி அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்துவிட, அதுவே சிலருக்கு மேனியாவைத் தூண்டிவிடுகிறது. மிகப் பெரிய வேறுபாடு பிரசவத்தில்தான். முதல் வகை பைபோலார் உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்தையொட்டிக் கடுமையான மனநோய் வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். குழந்தை தூங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராது, அலுப்பும் தெரியாது, பேச்சு நிற்காது. எல்லாம் ஹார்மோன் செய்யும் வேலை, தானே சரியாகும் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வரும் சாதாரண அழுகைக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இதற்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2004 முதல் கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு நடத்திவரும் தாய் இறப்பு ஆய்வில், தற்கொலை முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் தெரியவந்திருக்கிறது. கருவுற்றால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்வதும் ஆபத்து. பைபோலாருக்குத் தரும் மருந்துகளில் வால்புரோயேட் சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு மருந்தான லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து மிகுதி. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கருவுறும் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். மட்டாஞ்சேரி அரசு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையிலானாலும் வேறெங்கானாலும், பிரசவத்துக்குப் பதியும் நாளிலேயே பழைய மனநோயையும் குடும்பத்தில் இருந்த மனநோயையும் மறைக்காமல் சொல்லுங்கள். தமிழில் ஆலோசனை கேட்க, அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸின் எண் 14416.