நெட்வொர்க் பூட்: கவனம் வைக்க வேண்டிய இடம் வேறு

கோடை விடுமுறையில் கல்லூரிக் கணினி ஆய்வகங்களுக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நான்கைந்து பென் டிரைவ்களோடு லேப் உதவியாளர் ஒவ்வொரு மேசையாக நகர்வார். மொழி எது, விசைப்பலகை எது, வட்டை எப்படிப் பிரிப்பது என்று இன்ஸ்டாலர் கேட்கும் அதே கேள்விகளுக்கு அதே பதில்களை ஒவ்வொரு கணினியிலும் தட்டுவார். நெட்வொர்க் வழியாக எல்லாவற்றிலும் தானாகவே ஏற்றலாமே என்றால், “அதெல்லாம் பெரிய டேட்டா சென்டருக்குத்தான்” என்ற பதில் தயாராக இருக்கும்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. நெட்வொர்க்கிலிருந்து கணினியைக் கிளப்பும் முறை, சொந்த வட்டே இல்லாத எளிய பணிநிலையங்களுக்காகப் பிறந்தது. பில் கிராஃப்டும் ஜான் கில்மோரும் 1985இல் எழுதிய பூட்-பி நெறிமுறை அதன் தொடக்கங்களில் ஒன்று. இந்த முறைக்கான பி.எக்ஸ்.இ. 2.1 வரையறையை இன்டெல் 1999இல் வெளியிட்டது. இன்று கேபிள் இணைப்புள்ள சாதாரண மேசைக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் இந்த வசதி உண்டு. பயாஸ் அமைப்புகளில் அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். சர்வர் பக்கமும் செலவு குறைவு. சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு இலவச மென்பொருளில், கணினிக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி., கோப்பை அனுப்பும் டி.எஃப்.டி.பி. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு பழைய லேப்டாப் போதும்.

“கல்லூரி ரூட்டர் நம் கையில் இல்லையே” என்பது அடுத்த தயக்கம். ஏற்கெனவே டி.எச்.சி.பி. ஓடும் இடத்தில் இன்னொன்றை முழுதாக ஓடவிட்டால் வளாகம் முழுக்க முகவரிக் குழப்பம் வரும் என்பது உண்மைதான். அதற்காகவே பிராக்ஸி முறை இருக்கிறது. முகவரியை வழக்கம்போல ரூட்டரே கொடுக்கும். எந்தக் கோப்பைக் கொண்டு தொடங்குவது என்பதை மட்டும் புதிய சர்வர் சொல்லும். டிஎன்எஸ்மாஸ்க்கில் டி.எச்.சி.பி. வரம்பு எழுதும் வரியில் ‘பிராக்ஸி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அது அந்த வேலையை மட்டும் செய்யும். ரூட்டரைத் தொடவே வேண்டாம்.

வேகத்தைப் பற்றிய புகாரில் பாதி நியாயம் உண்டு. டி.எஃப்.டி.பி. அடிப்படையில் 512 பைட் துண்டுகளாகவே கோப்பை அனுப்பும். ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்தது என்று மறுமுனை சொன்ன பிறகே அடுத்தது கிளம்பும். 60 எம்பி கோப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 1,23,000 தடவை இந்தப் போக்குவரத்து நடக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிசெகண்டு என்றாலும் இரண்டு நிமிடம் கழிந்துவிடும். ஆனால் இந்தத் தாமதம் டி.எஃப்.டி.பி.யுடையது, நெட்வொர்க் பூட்டுடையது அல்ல. ஐபிஎக்ஸ்இ போன்ற சின்ன பூட் நிரலை மட்டும் டி.எஃப்.டி.பி. வழியாகக் கொடுத்துவிட்டு, கெர்னல் உள்ளிட்ட பெரிய கோப்புகளை எச்.டி.டி.பி. வழியாக இறக்கினால் அதே 60 எம்பி ஜிகாபிட் இணைப்பில் சில நொடிகளில் வந்துவிடும். உபுண்டு சர்வரை இப்படி ஏற்றுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதன் இன்ஸ்டாலர் முழு ஐஎஸ்ஓ கோப்பையும் ரேமிலேயே இறக்கிக்கொள்ளும். பல ஜிபி ரேம் இல்லாத கணினி பாதி வழியில் நின்றுவிடும்; பழி நெட்வொர்க்கின் மீது விழும்.

கணினி சர்வரையே கண்டுபிடிக்காமல் நிற்பதும் உண்டு. திரையில் வரும் பிழை எண்களைப் பலர் படிப்பதே இல்லை. பழைய பி.எக்ஸ்.இ. திரைகளில் இ51 என்றால் டி.எச்.சி.பி. பதிலே வரவில்லை, இ53 என்றால் முகவரி வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை, இ32 என்றால் டி.எஃப்.டி.பி. திறக்கவில்லை. எந்தப் படியில் நின்றது என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது. பதில் வராததற்குச் சில நேரம் சுவிட்ச் காரணம். ஸ்பேனிங் ட்ரீ இயங்கும் சுவிட்சில் புதிதாக உயிர்பெற்ற போர்ட் வழக்கமாக 30 நொடி காத்திருந்த பிறகே தரவைக் கடத்தும். அதற்குள் சில கணினிகள் முயற்சியைக் கைவிட்டுவிடும். அந்தப் போர்ட்டில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பை இயக்கினால் சிக்கல் தீரும்.

“செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும்” என்று இன்னும் பல வழிகாட்டிகள் எழுதுகின்றன. தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் சாவியால் கையெழுத்திடப்பட்ட ஷிம் என்ற சிறு நிரல், அதன் பின் கிரப் பூட் நிரல், அதன் பின் கெர்னல் என்ற சங்கிலி நெட்வொர்க் வழியாகவும் செல்லும். டெபியன் 10ஆம் பதிப்பு 2019இல் இதற்கான ஆதரவோடு வந்தது. அதே மூச்சில் எதிர்த்திசை நம்பிக்கையையும் கைவிட வேண்டும்: செக்யூர் பூட் இருப்பதால் மட்டும் எல்லாம் பத்திரம் ஆகிவிடாது. அது கெர்னலின் கையெழுத்தைச் சரிபார்க்கும். இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதில்கோப்பை யார் கொடுத்தார் என்று பார்க்காது. 2024 ஜனவரியில் குவார்க்ஸ்லேப் வெளியிட்ட ‘பிக்ஸிஃபெயில்’ அறிக்கை, பல நிறுவனங்களின் ஃபர்ம்வேர்களுக்கு அடித்தளமான ஈடிகே-2இன் நெட்வொர்க் பகுதியில் ஒன்பது ஓட்டைகளைக் காட்டியது. எனவே நிறுவல் வேலைக்குத் தனி விலேன் வேண்டும். பதில்கோப்பில் கடவுச்சொல்லை வெறுமனே எழுதாமல் ஹேஷ் வடிவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறான நம்பிக்கை, “தானாக நடப்பதால் தவறு வராது” என்பது. டெபியனில் பிரிசீட், ரெட் ஹாட்டில் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால், விண்டோஸில் அன்அட்டெண்ட் என்று பெயர்கள் மாறினாலும் எல்லாம் பதில்கோப்புகளே. அதில் ‘வட்டை முழுதாக அழி’ என்று இருந்தால் இன்ஸ்டாலர் மறுபடி கேட்காது. முதல் வட்டு என்று எண்ணி எழுதிய பெயரில் செருகிக்கிடந்த யூஎஸ்பி வட்டு வந்து உட்காரலாம். பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்து, மெனுவின் இயல்புத் தேர்வு ‘நிறுவு’ என்றிருந்தால், மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் கணினி தன்னையே அழித்துப் புதிதாக ஏற்றும்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் 2014 மே மாதம் இதன் பெரிய வடிவம் நடந்தது. விண்டோஸ் 7 நிறுவும் பணி ஒன்று, மைக்ரோசாஃப்டின் எஸ்.சி.சி.எம். நிர்வாக மென்பொருள் வழியாக, தவறுதலாக அங்கிருந்த எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. அந்தப் பணியின் முதல் படி வட்டைப் பிரித்து ஃபார்மட் செய்வது. விபரீதம் புரிந்து நிர்வாக சர்வரை அணைப்பதற்குள், அந்த சர்வரே ஃபார்மட் ஆகியிருந்தது. கருவி பழுதாகவில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்தது.

ஆகவே மெனுவின் இயல்புத் தேர்வாக ‘சொந்த வட்டிலிருந்து தொடங்கு’ என்பதையே வையுங்கள். நிறுவ வேண்டிய கணினிகளை மேக் முகவரி மூலம் மட்டும் அனுமதியுங்கள். காப்ளர் என்ற நெட்வொர்க் நிறுவல் மென்பொருளைப் பயன்படுத்துவோர், ஒரு முறை நிறுவியதும் நெட்வொர்க் பூட்டை அந்தக் கணினிக்குத் தானே நிறுத்திவிடும் அமைப்பை இயக்கலாம். பதில்கோப்பை முதலில் வர்ச்சுவல் மெஷின் ஒன்றிலும், பிறகு காலி வட்டுள்ள ஒரே ஒரு கணினியிலும் ஓட்டிப் பாருங்கள். ஆய்வகத்தின் மற்றக் கணினிகளுக்கு அதன் பிறகு வாசலைத் திறங்கள்.