திரை உறைந்தால் திகைக்காதீர்கள்! – கேட் மென்பொருளும் கிராபிக்ஸ் டிரைவர் தகராறும்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



டிராயிங் போர்டில் டி-ஸ்கொயர் வைத்துக் கோடு போட்ட காலம் போய், இன்று மௌஸைப் பிடித்துக் கோடு போடுகிறோம். ஆட்டோகேட் தெரியாமல் டிசைன் பக்கம் வேலைக்குப் போவது கஷ்டம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாருங்கள், பாதிப் படம் வரைந்திருக்கும்போது திரை அப்படியே உறைந்து போகும். கர்சர் போன இடமெல்லாம் கோடு கோடாகத் தடம் விழும். 3டி படத்தைக் கொஞ்சம் சுழற்றினால் மென்பொருளே மூடிக்கொள்ளும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "கார்டு போயிடுச்சு தம்பி, மாத்தணும்" என்று சொல்லிவிடுவார்கள்.

நண்பர்களே, இதில் பல நேரம் கார்டு போயிருக்காது. டிரைவருக்கும் மென்பொருளுக்கும் இடையே தகராறு, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். அந்த வழியை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. டிரைவர் என்பவர் யார்?

பஸ் ஓட்டுகிறவர் இல்லை! கலசப்பாக்கம், ஆரணிப் பக்கத்திலிருந்து வரும் நண்பர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் உடனே புரியும்.

பட்டுச் சேலையின் பார்டரில் ஒரு மயில் வர வேண்டும் என்றால், முதலில் டிசைன் போடுபவர் கட்டம் போட்ட தாளில் அதை வரைகிறார். அந்தத் தாளைத் தறியிடம் காட்டினால் தறிக்குப் புரியுமா? புரியாது. அதனால் கட்டத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிக்கிறார்கள். ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஏறும்போது, ஓட்டை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது. பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு வாக்கில் செய்த இயந்திரம் இது. இன்றும் நம்ம ஊர்த் தறி மேல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது கணிப்பொறிக்கு வாருங்கள். ஆட்டோகேட்தான் டிசைன் போடுபவர். கிராபிக்ஸ் கார்டுதான் தறி. நடுவில் அட்டை அடித்துத் தருகிற வேலையைச் செய்வது டிரைவர் என்ற சிறு மென்பொருள். "இங்கிருந்து இங்கே வட்டம் போடு" என்று ஆட்டோகேட் சொல்வதைக் கார்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதுதான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தறியில் உட்கார்கிறவர்கள். பார்டரில் ஒரு பிழை விழுந்து, அதே பிழை ஒவ்வொரு மயிலிலும் திரும்ப வந்தால் அப்பா தறியைப் பிரிக்க மாட்டார். முதலில் அட்டையைப் பார்ப்பார். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

2. தகராறு ஏன் வருகிறது?

ஆட்டோகேட் முதன்முதலில் வெளிவந்தது 1982-இல். டாஸ் காலத்தில் இந்த மென்பொருளுக்கென்றே ஒவ்வொரு கார்டுக்கும் தனி டிரைவர் போட வேண்டியிருந்தது. விண்டோஸ் வந்த பிறகு, எல்லா மென்பொருளுக்கும் சேர்த்து ஒரே டிரைவர் என்றாகிவிட்டது. சௌகரியம்தான். ஆனால் அந்த ஒரே டிரைவர் பல பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஆட்டோகேட் டைரக்ட்எக்ஸ் என்ற மொழியில் பேசுகிறது. சாலிட்வொர்க்ஸும் ஃப்ரீகேடும் ஓப்பன்ஜிஎல் என்ற மொழியில் பேசுகின்றன. ஒரு மொழியில் சரளமாக இருக்கும் டிரைவர் இன்னொன்றில் தடுமாறலாம். ஒரு மென்பொருள் நன்றாக ஓடி இன்னொன்று மட்டும் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தகராறுக்கு முக்கியமான காரணங்கள் ஐந்து:

அ) டிரைவரே இல்லாமல் இருப்பது. விண்டோஸைப் புதிதாகப் போட்டவுடன் "மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்ற பொது டிரைவரோடு நின்றுவிடும்.

ஆ) கார்டு பழசு, மென்பொருள் புதுசு என்ற பொருத்தமின்மை.

இ) ஒரே மடிக்கணினியில் இரண்டு கார்டு இருப்பது.

ஈ) விண்டோஸ் அப்டேட் நம்மைக் கேட்காமல் டிரைவரை மாற்றிவிடுவது.

உ) பழைய டிரைவரின் மிச்சம் மீதி உள்ளே தங்கிப் புதியதோடு மோதுவது.

3. கண்டுபிடிக்கும் முறை

ஒரு விதியை மனதில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். நான்கை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதல் படி: படத்தைக் காப்பாற்றுங்கள். டிரைவரைத் தொடுவதற்கு முன் உங்கள் படத்தைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். படம் திறக்கவில்லை என்றால், அதே ஃபோல்டரில் அதே பெயரில் 'பிஏகே' என்று முடியும் ஃபைல் இருக்கிறதா பாருங்கள். அது முந்தைய சேமிப்பு. அதையும் காப்பி எடுத்து, கடைசி மூன்று எழுத்தை 'டிடபிள்யூஜி' என்று மாற்றினால் திறக்கும்.

இரண்டாம் படி: கார்டா, டிரைவரா? கணிப்பொறியை அணைத்து மறுபடி போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனி பெயர் தெரியும் திரையிலேயே கோடுகள், புள்ளிகள் வந்தால் கார்டு, கேபிள், மானிட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். ஏனென்றால் அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் இன்னும் வேலைக்கே வரவில்லை. அங்கே சுத்தமாக இருந்து, ஆட்டோகேடில் மட்டும் கோளாறு என்றால் அடுத்த படிக்குப் போங்கள். ஒரு புதிய வெற்றுப் படத்தையும் திறந்து பாருங்கள். வெற்றுப் படம் நன்றாக ஓடி, ஒரே ஒரு ஃபைல் மட்டும் தகராறு செய்தால், அந்த ஃபைலையும் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாம் படி: ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்துங்கள். எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். ஆட்டோகேடின் கட்டளை வரியில் கிராபிக்ஸ், கான்ஃபிக் என்ற இரண்டு சொல்லையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். பழைய பதிப்பாக இருந்தால் 3டி, கான்ஃபிக் என்று சேர்த்து அடிக்க வேண்டும். வரும் பெட்டியில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்யுங்கள். இப்போது படம் போடும் சுமையின் பெரும்பகுதி கார்டிலிருந்து பிராசஸருக்குப் போய்விடும். கோளாறு மறைந்தால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவர்தான்.

ஆட்டோகேட் திறக்கவே இல்லையா? அதன் ஷார்ட்கட்டில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டிஸ் போங்கள். டார்கெட் என்ற வரியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஒரு இடைவெளி விட்டுச் சாய்கோடு போட்டு நோ, ஹார்டுவேர் இரண்டையும் ஒட்டி அடியுங்கள். ஆக்ஸிலரேஷன் இல்லாமலே திறக்கும். சாலிட்வொர்க்ஸில் ஆப்ஷன்ஸ், பர்ஃபார்மன்ஸ் பகுதியில் "யூஸ் சாப்ட்வேர் ஓப்பன்ஜிஎல்" என்று இருக்கிறது. எந்தப் படமும் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் அந்தக் கட்டத்தில் டிக் போட முடியாது.

நான்காம் படி: கார்டின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்தை அடியுங்கள். முதல் பக்கத்தில் "டைரக்ட்எக்ஸ் 12" என்று இருக்கும். ஆகா என்று மகிழ்ந்துவிடாதீர்கள்! அது விண்டோஸின் கணக்கு. கார்டின் கணக்கு டிஸ்ப்ளே பக்கத்தில் "ஃபீச்சர் லெவல்ஸ்" என்ற வரியில் இருக்கும்.

2011-இல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசஸர்களில் உள்ள எச்டி 2000, எச்டி 3000 கிராபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 10.1 வரைதான் போகும். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையின் எச்டி 4000-த்தில்தான் 11 வந்தது. இன்றைய ஆட்டோகேட் குறைந்தபட்சம் 11 கேட்கிறது. அப்படியானால் எச்டி 3000 உள்ள கணிப்பொறியில் எந்த டிரைவரைப் போட்டாலும் இந்தக் குறை தீராது. அறுபது கொக்கி உள்ள பெட்டியில் நூற்றிருபது கொக்கி டிசைனை எப்படி ஏற்ற முடியும்?

ஐந்தாம் படி: இரண்டு கார்டில் எது வேலை செய்கிறது? என்விடியா நிறுவனம் 2010-இல் ஆப்டிமஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. சாதாரண வேலைக்குச் சின்ன கார்டு, கனமான வேலைக்குப் பெரிய கார்டு, பேட்டரி மிச்சம். ஆனால் சில நேரம் கேட் மென்பொருளைச் சின்ன கார்டிலேயே ஓட்டிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் ஆட்டோகேடைச் சேர்த்து "ஹை பர்ஃபார்மன்ஸ்" என்று தேர்வு செய்யுங்கள். சார்ஜரை மாட்டிக்கொண்டு சோதியுங்கள்.

ஆறாம் படி: நேற்று வரை ஓடியதா? "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றால் அப்டேட்டைச் சந்தேகப்படுங்கள். டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், பிராப்பர்ட்டிஸ், டிரைவர் என்று போனால் "ரோல் பேக் டிரைவர்" பொத்தான் இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பி வரும். பொத்தான் மங்கலாக இருந்தால் பழையது உள்ளே இல்லை என்று அர்த்தம்.

திரை ஒரு கணம் கருத்துப் போய்த் திரும்பி வருகிறதா? கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். டிரைவரை மாற்றிய பிறகும் 4101 தொடர்ந்து வந்தால் சூட்டைக் கவனியுங்கள். ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம்.

ஏழாம் படி: சுத்தமாக எடுத்துப் புதிதாகப் போடுவது. இது கடைசி மருந்து. முதலில் சரியான டிரைவரை இறக்கி வையுங்கள். மடிக்கணினி என்றால் அதைச் செய்த கம்பெனியின் தளத்தில் முதலில் தேடுங்கள். பிறகு இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்கள். என்விடியாவில் "கேம் ரெடி", "ஸ்டுடியோ" என்று இரண்டு வகை உண்டு, நமக்கு ஸ்டுடியோ. ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று போடுங்கள். பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நாம் எடுத்ததை விண்டோஸ் அப்டேட் உடனே திரும்பப் போட்டுவிடும். சேஃப் மோடில் போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் பழையதை முழுதாக எடுங்கள். மறுபடி தொடங்கிப் புதியதைப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் உங்கள் சொந்தக் கணிப்பொறிக்கு. கல்லூரி லேபில் நாமாகக் கை வைக்கக் கூடாது. அறிகுறியைத் தெளிவாக எழுதி லேப் சாரிடம் கொடுங்கள். பிராக்டிகல் தேர்வு நாளில் திரை உறைந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லுங்கள். பயந்து உட்கார்ந்திருந்தால் போவது நம் நேரம்தான்.

4. பழைய கணிப்பொறி என்றால் கைவிட வேண்டுமா?

வேண்டாம். நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில், 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் இருக்கிறது. அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கியது. புதிய ஆட்டோகேட் அதில் திணறும். ஆனால் 2டி படம் பழக லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருள் போதும். சற்றுப் புதிய கணிப்பொறியில் ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்து வைத்தே, நம் பாடத்தில் வரும் 2டி படங்களை ஆட்டோகேடில் போட்டுவிடலாம். 3டி பழகவும் ஃப்ரீகேட் இலவசம், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. ஆட்டோகேடுக்கும் மாணவர்களுக்கு ஓராண்டு இலவச உரிமம் உண்டு; படிக்கும் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். உடைத்த காப்பி வாங்கி வைரஸையும் சேர்த்து வாங்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் நெய்த கூலியைச் சேர்த்து வைத்துத்தான் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். காசைக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே நான்காம் படியைச் செய்து பாருங்கள். 11_0 என்பதாவது அந்த வரியில் இல்லையென்றால், ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

5. சுருக்கமாக நினைவில் வைக்க

பூட் திரையிலேயே கோடு – கார்டு, கேபிள், மானிட்டர்.
ஆக்ஸிலரேஷன் ஆஃப் செய்தால் சரி – டிரைவர்.
பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் – டிரைவரே இல்லை.
அப்டேட்டுக்குப் பின் கோளாறு – ரோல் பேக்.
மடிக்கணினியில் மந்தம் – எந்தக் கார்டு என்று பார்.
ஃபீச்சர் லெவல் 11_0-க்குக் கீழே – டிரைவர் தேடி அலையாதே.

முடிவுரை

இன்று சேலை டிசைன்கூடக் கணிப்பொறிக்கு வந்துவிட்டது. ஜக்கார்டு டிசைன் போடுவதற்கென்றே டிஜிபுனாய் என்ற மென்பொருளை மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கியிருக்கிறது. நாளை நம்ம தெருவில் ஒருவர், "தம்பி, நீ டிப்ளமா படிக்கிறியாமே, இந்த டிசைன் கம்ப்யூட்டர் நின்னுபோச்சு, கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிடலாம். கார்டு போச்சு என்று கைவிரிக்காமல், நான்கு கேள்வி கேளுங்கள்: எப்போதிலிருந்து? எந்த மென்பொருளில்? அதற்கு முன் எதை மாற்றினீர்கள்? பூட் திரை சுத்தமாக இருக்கிறதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நம் படிப்பு பயன்படும் நாள் அப்படித்தான் ஆரம்பிக்கும்.